மூச்சுக்குழாயில் அரிய கட்டி: அறுவைக்குப் பின் கதிர்வீச்சு எதற்கு, எவ்வளவு?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு மூச்சுக்குழாயின் கீழ்ப்பகுதியில், அது இரண்டாகக் கிளைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா என்னும் அரிய கட்டி கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையும் முடிந்திருக்கிறது. அவர் புகைபிடிக்கும் பழக்கம் இல்லாதவர். நெடுங்காலம் ஆஸ்துமா என்றே கருதி மருந்து எடுத்துவந்தார். மூச்சை உள்ளிழுக்கும்போது எழுந்த ஓசை இன்ஹேலருக்குச் சற்றும் அடங்காததைக் கவனித்த மருத்துவர் ஒருவர் சி.டி. ஸ்கேனும் பிராங்கோஸ்கோப்பியும் (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது.

நோயியல் அறிக்கையில், வெட்டு விளிம்பில் நுண்ணோக்கிக்கு மட்டும் தெரியும் அளவில் கட்டியின் செல்கள் எஞ்சியுள்ளன என்றும், நரம்புறை வழியாகக் கட்டி பரவியிருக்கிறது என்றும் குறிப்பிட்டுள்ளார்கள். மருத்துவக் குழு கூடிப் பேசி, 30 தவணைகளுக்குக் குறையாமல் கதிர்வீச்சு தேவை என்று முடிவு செய்திருக்கிறது. எனக்குள்ள ஐயங்கள் மூன்று. மெதுவாக வளரும் கட்டியைக் கதிர்வீச்சு அழிக்குமா? நுரையீரல் கட்டிகளுக்கு மூன்று அல்லது ஐந்து தவணைகளிலேயே முடித்துவிடும் முறை இருப்பதாகப் படித்தேன். அது ஏன் இவருக்குப் பரிந்துரைக்கப்படவில்லை? கதிர்வீச்சு அவ்வளவு அவசியம் என்றால், அறுவை முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்வது ஏன்?

கதிர் மருத்துவர்

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் அண்ணனின் படங்களையும் அறிக்கையையும் பார்க்காமல் அவருக்கான சிகிச்சையைப் பற்றி நான் முடிவு சொல்ல இயலாது. பொதுவாக இந்த நோயில் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

மூச்சுக்குழாயிலேயே தோன்றும் புற்றுநோய்கள் மிக அரியவை. அவற்றுள் அதிகம் காணப்படும் இரண்டில் ஒன்று ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, மற்றது உங்கள் அண்ணனுக்கு வந்திருப்பது. முதலாவது புகையிலையோடு நெருங்கிய தொடர்புடையது. இரண்டாவதற்கு அந்தத் தொடர்பு இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் அதே கட்டி, மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள சிறிய சுரப்பிகளிலிருந்தும் கிளம்புகிறது என்று கொள்ளலாம். இதன் வளர்ச்சி மெதுவானதுதான், ஆனால் சளிப்படலத்துக்கு அடியிலும் நரம்புகளைச் சுற்றியுள்ள உறை வழியாகவும் ஓசையின்றி நெடுந்தூரம் செல்லும் இயல்புடையது. பிராங்கோஸ்கோப்பியில் கண்ணுக்குத் தெரியும் எல்லை ஓரிடத்தில் முடிந்தாலும், கட்டியின் உண்மையான எல்லை அதற்கு அப்பால் இருப்பது வழக்கம்.

இங்கே அறுவை மருத்துவரின் கை கட்டப்பட்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. நீளமுடையது. அதில் பாதிக்கு மேல் வெட்டினால் எஞ்சிய இரு முனைகளையும் இழுவிசையின்றி இணைப்பது மிகக் கடினம். இழுவிசையோடு இணைத்த தையல் பிரிந்துபோனால் அது உடனடியாக உயிருக்கே ஆபத்து. எனவே விளிம்பில் நுண்ணிய எச்சம் இருக்கக்கூடும் என்று அறிந்தே, பாதுகாப்பான இணைப்புக்காகச் சில இடங்களில் அறுவையை நிறுத்திக்கொள்வதுண்டு. அவ்வாறு எச்சத்தோடு அறுவை முடிந்தவர்களும் கதிர்வீச்சுக்குப் பின் பல ஆண்டுகள் நலமாக வாழ்வது இந்தக் கட்டியில் அடிக்கடி காணப்படும் ஒன்று என்பதால், விளிம்பைப் பற்றிய அந்த வரியைப் படித்துவிட்டு அறுவை தோற்றுவிட்டது என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

கட்டி மெதுவாக வளர்வதால் கதிர்வீச்சுக்குப் பிறகு அது சுருங்குவதும் மெதுவாகவே நடக்கிறது; சில வாரங்களில் படத்தில் மாற்றம் தெரியவில்லை என்பதை வைத்து அது கதிர்வீச்சுக்குக் கட்டுப்படாது என்று முடிவு கட்டுவது சரியன்று. உங்கள் அண்ணனைப் போல் கட்டியை எடுத்துவிட்ட பிறகு, எஞ்சிய செல்களைப் பெருகவிடாமல் செய்வதே கதிர்வீச்சின் வேலை. எச்சம் இருக்கும்போது நாளொன்றுக்கு 2 கிரே (திசு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வீதம் மொத்தம் 60 கிரே அல்லது அதை ஒட்டிய அளவைப் பலரும் கொடுக்கிறோம். கட்டியை எடுக்கவே முடியாத நிலையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவதும் உண்டு.

காத்திருப்பதற்குக் காரணம் அந்தத் தையல்தான். புதிதாக இணைத்த குழாயின் இரத்த ஓட்டம் மெலிந்திருக்கும். அறுவைக்குப் பின் தலை பின்னால் சாய்ந்து தையல் இழுபடக் கூடாது என்பதற்காக மோவாயையும் மார்பையும் சேர்த்துச் சில நாட்கள் ஒரு தையல் போட்டிருப்பார்களே, அதிலிருந்தே இணைப்பு எவ்வளவு மென்மையானது என்று ஊகிக்கலாம். அது ஆறி, பிராங்கோஸ்கோப்பியில் நலமாகத் தெரிந்த பிறகே கதிர்வீச்சைத் தொடங்குவோம். வேகமாகப் பெருகும் கட்டியில் இந்தத் தாமதம் கவலைக்குரியது. இந்தக் கட்டியில் அப்படியன்று.

கிரே கணக்கன்

இரண்டாம் கேள்விக்கு மருத்துவ இயற்பியலாளன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன். ஒரே மொத்த அளவானாலும், அதைச் சிறு தவணைகளாகப் பிரிப்பதும் பெருந்தவணைகளாகத் தருவதும் திசுக்களுக்கு ஒன்றல்ல. தவணை எண்ணிக்கை, ஒரு தவணையின் அளவு, திசுவின் ஆல்பா-பீட்டா விகிதம் (தவணையின் அளவு மாறுவது அந்தத் திசுவை எவ்வளவு பாதிக்கும் என்று காட்டும் எண்; குறைந்த எண் என்றால் பெருந்தவணையால் பாதிப்பு அதிகம்) ஆகிய மூன்றையும் கொண்டு உயிரியல் விளைவைக் கணக்கிடுகிறோம். கட்டிக்கு அந்த விகிதத்தை 10 என்றும், பின்விளைவுகள் தாமதமாகத் தோன்றும் இயல்பான திசுக்களுக்கு 3 என்றும் வைத்துக்கொள்வது மரபு. 10 என்பது பொதுவான நுரையீரல் புற்றுநோயை மனத்தில் கொண்ட எண். எல்லா அரிய கட்டிகளுக்கும் அது பொருந்தும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

30 தவணைகளில் 60 கிரே கொடுத்தால் அந்த உயிரியல் விளைவு கட்டிக்கு 72, இயல்பான திசுவுக்கு 100 என்று வருகிறது. நுரையீரலின் ஓரத்திலுள்ள சிறு கட்டிகளுக்குத் தரும் 3 தவணை, 54 கிரே முறையில் கட்டிக்கு 151, இயல்பான திசுவுக்கு 378. கட்டியின் மீதான விளைவு இருமடங்காகும்போது, அதே இடத்திலுள்ள இயல்பான திசுவின் மீதான விளைவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. நுரையீரலின் ஓரத்தில் அந்த இயல்பான திசு என்பது சிறிதளவு நுரையீரல். அது தழும்பாகிப் போனாலும் மூச்சுக்குப் பெரிய குறை இல்லை. மூச்சுக்குழாயின் சுவரில் அப்படி நேர்ந்தால் ஓட்டை விழலாம், சுருக்கம் ஏற்படலாம், அருகிலுள்ள பெருங்குருதிக்குழாய் உடையலாம்.

இது வெறும் கணக்கு அன்று. அமெரிக்கக் கதிர்வீச்சு ஆய்வுக் குழுவான ஆர்.டி.ஓ.ஜி.-யின் 0236 ஆய்வு 2010-இல் வெளியானபோது, அறுவைக்கு உட்பட முடியாதவர்களின் ஓரக் கட்டிகளில் மூன்றாண்டு முடிவில் 97.6% கட்டுப்பாடு கிடைத்ததாக அறிவித்தது. அந்த ஆய்வு மையப்பகுதிக் கட்டிகளைத் திட்டமிட்டே விலக்கியிருந்தது. காரணம், டிம்மர்மேன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட முந்தைய அனுபவம். 3 தவணைகளில் 60 முதல் 66 கிரே பெற்றவர்களுள், இரண்டாண்டுக் காலத்தில் கடுமையான பாதிப்பு இன்றித் தப்பியவர்கள் ஓரக் கட்டிகளில் 83%, மையக் கட்டிகளில் 54% மட்டுமே. பெருமூச்சுக்குழாய்களைச் சுற்றி 2 செ.மீ. தொலைவுக்குள் இந்த முறையோடு நுழையக் கூடாது என்ற எல்லைக்கோடு அப்படித்தான் பிறந்தது.

பின்னர் தவணைகளைக் கூட்டி முயன்றார்கள். நார்டிக் நாடுகளின் ஹைலஸ் ஆய்வில், பெருமூச்சுக்குழாய்களுக்கு 1 செ.மீ. தொலைவுக்குள் கட்டியுள்ள 65 பேருக்கு 8 தவணைகளில் 56 கிரே கொடுத்தார்கள். அவர்களுள் 10 பேரின் இறப்புக்குச் சிகிச்சையே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அந்தப் பத்தில் எட்டு, மூச்சுக்குழாயிலிருந்து ஏற்பட்ட இரத்தப்போக்கு. அந்த ஆய்வில் 56 கிரே என்பது கட்டியின் விளிம்புக்குக் குறித்த அளவு, நடுப்பகுதிக்கு அதைவிட மிக அதிகமாகச் சென்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும், அண்மையில் வெட்டி இணைத்த மூச்சுக்குழாயின் மேல் பெருந்தவணைகளைக் கொடுக்க நான் திட்டம் வரைந்து தர மாட்டேன்.

சான்றெங்கே

மேலே எழுதியவர்கள்மீது மதிப்பு உண்டு. ஆயினும் ஓர் அடிப்படைக் கேள்வியைத் தவிர்த்துவிட்டார்கள். அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தருவதால் பயன் உண்டு என்பதற்கு இந்தக் கட்டியில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வாவது இருக்கிறதா? இருப்பவை எல்லாம் ஓரிரு மையங்கள் தம் பழைய கோப்புகளைத் திரட்டி எழுதிய தொகுப்புகள். பொதுவான நுரையீரல் புற்றுநோயில் 501 பேரைச் சேர்த்த லங் ஆர்ட் ஆய்வு 2022-இல் வெளிவந்து, அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சால் நோயற்ற வாழ்வு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று காட்டியது: மூன்றாண்டில் 47%, கதிர்வீச்சு இல்லாதவர்களில் 44%. இதயம், நுரையீரல் சார்ந்த பாதிப்புகள் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தன. எண்ணிக்கை மிகுந்த நோயிலேயே நிலைமை இதுவென்றால், அரிய நோயில் எந்த நம்பிக்கையில் பரிந்துரைக்கிறீர்கள்?

கதிர் மருத்துவர்

> இந்தக் கட்டியில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வாவது இருக்கிறதா?

இல்லை. மூச்சுக்குழாயின் இந்தக் கட்டியில் அப்படி ஓர் ஆய்வைப் போதிய எண்ணிக்கையோடு நடத்தி முடிப்பது எளிதும் அன்று. ஆனால் லங் ஆர்ட் கேட்ட கேள்வியே வேறு. கட்டி முழுமையாக அகற்றப்பட்டு, மார்பின் நடுப்பகுதி நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்தவர்களையே அது சேர்த்தது. வெட்டு விளிம்பில் எச்சம் உள்ளவர்கள் அதில் இல்லை. அந்த நோயில் பெரும்பாலோரை வீழ்த்துவது தொலைவில் பரவும் நோய். கதிர்வீச்சால் மார்பின் நடுவே நோய் திரும்புவது அந்த ஆய்விலும் குறைந்தது, ஆயினும் அது மொத்த முடிவை மாற்றப் போதவில்லை. அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமாவில் நிணநீர் முடிச்சுகளின் பங்கு சிறியது. மூச்சுக்குழாயில் நோய் திரும்பினால் மறுபடி வெட்ட இடமும் இல்லை, பயன் உறுதியான மருந்தும் இல்லை. ஆகவே உள்ளூர்க் கட்டுப்பாட்டுக்கு இங்கே உள்ள மதிப்பு அங்கே உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது என் கருத்து.

லங் ஆர்ட் ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதயத்தையும் நுரையீரலையும் காக்கும் பாடத்தைத்தான். அளவைக் கூட்டினால் பயனும் கூடும் என்ற எண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பொதுவான நுரையீரல் புற்றுநோயின் மூன்றாம் நிலையில் 60 கிரேயையும் 74 கிரேயையும் ஒப்பிட்ட ஆர்.டி.ஓ.ஜி. 0617 ஆய்வில், கூடுதல் அளவு பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 28.7 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் குறைந்தே இருந்தது.

தாமரைக்குளம்

இந்த இழையிலேயே என் கேள்வியையும் சேர்க்க அனுமதிக்க வேண்டுகிறேன். என் அம்மாவுக்கு நுரையீரலில் கார்சினாய்ட் கட்டி என்று முதலில் சொன்னார்கள். அறுவைக்குப் பின் வந்த அறிக்கையில் ‘ஏடிபிகல் கார்சினாய்ட்’ என்றும், மார்பின் நடுவிலுள்ள இரண்டு நிணநீர் முடிச்சுகளில் நோய் உள்ளது என்றும் எழுதியிருக்கிறது. வெட்டு விளிம்புகள் சுத்தமாக உள்ளன. ஒரு மருத்துவர் கதிர்வீச்சு வேண்டும் என்கிறார். மற்றொருவர் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்கிறார். பெயர் மாறியதற்கும் கருத்து வேறுபடுவதற்கும் தொடர்பு உண்டா?

நுண்ணோக்கி

நோயியல் துறையில் இருப்பவன் என்பதால் பெயர் மாறியதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கார்சினாய்ட் உள்ளிட்ட நுரையீரலின் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை (ஹார்மோன் சுரக்கும் இயல்புடைய செல்வகைக் கட்டிகள்) வகை பிரிப்பதில் முதன்மையான அளவுகோல், 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை செல்கள் பிளவுபடும் நிலையில் காணப்படுகின்றன என்பதே. இரண்டுக்குக் குறைவாகவும் திசு அழிவு இல்லாமலும் இருந்தால் டிபிகல் கார்சினாய்ட். இரண்டு முதல் பத்து வரை இருந்தாலோ, ஆங்காங்கே திசு அழிவு காணப்பட்டாலோ ஏடிபிகல். பத்துக்கு மேல் போனால் பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா அல்லது ஸ்மால் செல் கார்சினோமா என்ற முற்றிலும் வேறான நோய்கள். பிராங்கோஸ்கோப்பி வழியாக எடுக்கும் துணுக்கு சில சமயம் அந்த 2 சதுர மில்லிமீட்டர்கூட இராது. இடுக்கியில் நசுங்கிய செல்கள் கருமையாக இழுபட்டு, ஸ்மால் செல் கார்சினோமாவோ என்று ஐயுறவும் வைக்கும். ஆகவே முழுக் கட்டியும் கைக்கு வந்த பிறகு பெயர் மாறுவது வியப்பன்று. சிறு துணுக்கை மட்டும் வைத்துக் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டிய நிலை வந்தால், பெருகும் நிலையிலுள்ள செல்களைக் காட்டும் கி-67 சாயமேற்றலின் விழுக்காட்டைக் கேட்டுப் பெறுங்கள். அது தனித்த அளவுகோலாகாது என்றாலும், கார்சினாய்டை ஸ்மால் செல் என்று பிறழ உணர்வதைப் பெரிதும் தடுக்கும்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், கதிர்வீச்சின் அளவும் நோக்கமும் இந்தப் பெயரையே சார்ந்திருக்கின்றன. நுரையீரலில் தோன்றும் மால்ட் வகை லிம்போமாவுக்கு (நிணநீர்ச் செல்களின் புற்றுநோய்) சிகிச்சை தேவைப்பட்டால் 24 கிரே அளவே பெரும்பாலும் போதும். அதே இடத்தில் அதே நிழலாகத் தெரியும் வேறொரு கட்டிக்கு 60 கிரேயும் போதாமல் போகலாம். நட் கார்சினோமா என்னும் மிகக் கொடிய கட்டி கதிர்வீச்சுக்கு முதலில் சுருங்கிவிட்டுச் சில வாரங்களிலேயே திரும்பக்கூடியது; நட் புரதத்துக்கான சாயமேற்றலைச் செய்தால் ஒழிய அதைச் சாதாரண ஸ்குவாமஸ் என்றே எண்ணிவிட நேரும். அரிய கட்டி என்று அறிக்கை வந்தால், அதே கண்ணாடித் தகடுகளை மார்பு நோயியலில் பழகிய மற்றொருவரிடமும் காட்டச் சொல்லுங்கள். தகடுகளோடு திசு பதித்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டால், தேவைப்படும் கூடுதல் சாயங்களை அவர் போட்டுப் பார்க்க முடியும்.

கதிர் மருத்துவர்

தாமரைக்குளம் அவர்களின் கேள்வியில் இரு மருத்துவர்களும் நியாயமானவர்களே. கார்சினாய்டுக்கு முதன்மைச் சிகிச்சை அறுவைதான். டிபிகல் வகையை முழுமையாக எடுத்துவிட்டால், அதன்பின் கதிர்வீச்சு தருவதில்லை. ஏடிபிகல் வகையில், அதுவும் மார்பின் நடுப்பகுதி முடிச்சுகளில் நோய் இருக்கும்போது, வழிகாட்டு நெறிகளே ஒரே குரலில் பேசுவதில்லை. குழுவில் பேசி முடிவு செய்யலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன. முடிச்சின் உறையைக் கிழித்துக்கொண்டு கட்டி வெளியே வந்திருக்கிறதா, முடிச்சுகள் முறையாக அகற்றப்பட்டனவா, அம்மாவின் நுரையீரல் திறன் எவ்வளவு என்பவற்றை அறியாமல் நான் ஒரு பக்கம் சாய மாட்டேன். நெய்தல் அவர்களின் அண்ணனுக்குக் கதிர்வீச்சை வலியுறுத்தும் அதே நான், விளிம்பு சுத்தமான உங்கள் அம்மாவின் நிலையில் கண்காணிப்பை ஏற்கத்தக்க வழியாகவே கருதுகிறேன்.

சான்றெங்கே

கார்சினாய்டைப் பற்றிய இந்த விடை எனக்கு உடன்பாடானது. முன்னதில் என் ஐயம் முழுதும் தீரவில்லை என்றாலும், எச்சம் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டியை முழுமையாக அகற்றி, விளிம்பும் சுத்தமாக இருக்கும் அடினாய்ட் சிஸ்டிக் நோயாளிக்கும் கதிர்வீச்சு தரும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அதற்கான சான்று மிக மெலிவானது என்பதையாவது நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

மேற்குக்காற்று

எனக்கு மூச்சுக்குழாயில் இதே நோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நெய்தல் அவர்களின் அண்ணன் எதிர்பார்த்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் திட்டமிடும் ஸ்கேன். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு தாங்கியில் வைத்து, என் உடலின் வடிவுக்கேற்ற மெத்தையில் படுக்கவைத்து, மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி இருந்த இடம் எவ்வளவு நகர்கிறது என்று படமெடுத்தார்கள். மார்பில் மூன்று சிறு புள்ளிகள் பச்சை குத்தப்பட்டன. சிகிச்சையின்போது வலி எதுவும் தெரியாது. இயந்திரம் சுற்றிவரும் ஓசைதான்.

தொல்லை மூன்றாம் வாரத்தில் தொடங்கியது, அதுவும் மூச்சில் அன்று, விழுங்குவதில். உணவுக்குழாய் மூச்சுக்குழாய்க்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதைக் கதிரிலிருந்து முழுமையாக விலக்க முடியாது என்று விளக்கினார்கள். சூடானதும் காரமானதும் நெஞ்சுக்குழியில் தீயாக இறங்கின. வாயில் ஊற்றி மெல்ல விழுங்கும் மரப்பு மருந்தை உணவுக்குச் சற்று முன் எடுத்துக்கொண்டு, ஆறிய கூழ் போன்ற உணவுகளோடு சமாளித்தேன். எடை குறையத் தொடங்கியவுடன் சொல்லியிருந்தால் இன்னும் எளிதாகியிருக்கும் என்று உணவியலாளர் கூறினார். அந்த எரிச்சல் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் அடங்கியது. எனக்கு அடங்காமல் நின்றது வறட்டு இருமல்.

கதிர் மருத்துவர்

அந்த இருமலைப் பற்றி ஒரு குறிப்பு. கதிர்வீச்சு முடிந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் புதிதாக இருமலோ மூச்சிரைப்போ மெல்லிய காய்ச்சலோ தோன்றினால், அது கதிர்வீச்சு நிமோனைடிஸ் (கதிரால் வரும் நுரையீரல் அழற்சி) ஆக இருக்கக்கூடும். இதைக் கிருமித் தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டிருப்பது நான் அடிக்கடி காணும் காலவிரயம். நோயாளி எந்த மருத்துவரிடம் போனாலும், தாம் மார்பில் கதிர்வீச்சு பெற்ற மாதத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு தொடங்கினால் அதைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் மூச்சிரைப்பு திரும்பும். நுரையீரலில் ஏற்கெனவே நார்த்தடிப்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம் என்பதால், திட்டமிடும் கட்டத்திலேயே அதைத் தேடிப் பார்த்துவிடுவது எங்கள் கடமை.

நெய்தல்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். புரோட்டான், கார்பன் அயனி போன்ற சிகிச்சைகளுக்காகக் காத்திருப்பது பயனுள்ளதா? சிகிச்சை முடிந்த பிறகு எத்தனை ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்?

கிரே கணக்கன்

புரோட்டான் தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் குறிப்பிட்ட ஆழத்தில் இறக்கிவிட்டு நின்றுவிடும். எக்ஸ் கதிரோ உடலைக் கடந்து மறுபுறம் வெளியேறும். எனவே கட்டிக்கு அப்பாலுள்ள இதயமும் நுரையீரலும் பெறும் அளவைப் புரோட்டானால் குறைக்க முடிகிறது. ஆனால் கட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும் மூச்சுக்குழாய்ச் சுவரையும் உணவுக்குழாயையும் அது காக்காது. அவை இலக்கின் உள்ளேயே இருக்கின்றன. மார்பில் காற்றும் திசுவும் மாறிமாறி இருப்பதாலும் மூச்சோடு எல்லாம் நகர்வதாலும், புரோட்டான் எங்கே நிற்கும் என்ற கணக்கு சற்றுப் பிசகினாலும் அதன் விளைவு எக்ஸ் கதிரில் உள்ளதைவிடப் பெரிது.

கார்பன் அயனியைப் பொறுத்தவரை, ஜப்பானின் சிபா நகரில் 1994 முதல் சிகிச்சை நடந்துவருகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி வகைக் கட்டிகளில் அதன்மீது ஆர்வம் இருப்பதற்கு, கார்பனைப் போலவே செல்களை அடர்த்தியாகத் தாக்கும் நியூட்ரானைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றும் காரணம். அறுவைக்கு எட்டாத உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் நியூட்ரானையும் வழக்கமான கதிரையும் ஒப்பிட்ட அந்த ஆய்வின் இறுதி அறிக்கை 1993-இல் வந்தது. பத்தாண்டுக் கட்டுப்பாடு நியூட்ரானில் 56%, வழக்கமான கதிரில் 17% என்று பெருத்த வேறுபாடு தெரிந்தும், வாழ்நாளில் வேறுபாடு தெரியவில்லை. சேர்க்கப்பட்டவர்களோ மிகச் சிலர். அறுவையால் எடுக்க முடியாத பெரிய கட்டி என்றால் கார்பன் அயனி மையம் ஒன்றின் கருத்தைக் கேட்பதில் பொருள் உண்டு. நுண்ணிய எச்சம் மட்டுமே உள்ள உங்கள் அண்ணனுக்கு, நல்ல பட வழிகாட்டுதலோடு கூடிய வழக்கமான லீனியர் ஆக்சிலரேட்டர் (எக்ஸ் கதிர் தரும் இயந்திரம்) சிகிச்சையைத் தள்ளிப்போட அது காரணமாகாது என்றே நினைக்கிறேன்.

கதிர் மருத்துவர்

கண்காணிப்பைப் பொறுத்தவரை, பொதுவான நுரையீரல் புற்றுநோயில் மனத்தில் பதிந்துபோன ஐந்தாண்டுக் கணக்கை இங்கே விட்டுவிடுங்கள். இந்தக் கட்டி பத்தாண்டுகளுக்குப் பிறகும் நுரையீரலில் சிறு முடிச்சுகளாகத் தலைகாட்டுவதுண்டு. ஆகவே மருத்துவமனைத் தொடர்பு வாழ்நாள் முழுதும் நீடிக்க வேண்டும். அப்படி ஒன்றிரண்டு முடிச்சுகள் நுரையீரலின் ஓரத்தில் வளர்வது தெரிந்தால், நீங்கள் முதலில் கேட்ட அந்த மூன்று அல்லது ஐந்து தவணை முறைக்கு அங்கே இடமுண்டு. அதற்குப் பின் எடுக்கும் சி.டி. படங்களில் சிகிச்சை பெற்ற இடத்தில் தழும்பு திரண்டு கட்டி போலவே தோன்றும். ஓராண்டு கடந்த பிறகும் அது பெரிதாகிக்கொண்டே போகிறதா, அதன் விளிம்பு புடைத்து உருள்கிறதா, உள்ளே தெரிந்த காற்றுக்கோடுகள் மறைகின்றனவா என்று பார்த்த பிறகே நோய் திரும்பியதா என்று ஐயுறுவோம். முந்தைய படங்கள் கையில் இல்லாமல் இந்த ஒப்பீடு இயலாது. அறிக்கைத் தாள்களோடு படங்கள் அடங்கிய குறுந்தகடுகளையும் அண்ணன் பத்திரப்படுத்தி வைக்கட்டும்.